ஒயின் போட்டாதான் கோட்டை திறக்கும்

6.2.12 திங்கள்

காலையில பனி. கோயில் கோபுரம் பாதிக்கு மேல தெரியல. மாடிப்படி ஈரம், வழுக்கப் பாத்தது.

ரேஷன் - பாமாயில் மட்டும், சீனி இல்லையாம். என் புள்ளை சேகருக்கு பிபி மாத்திரை. மல்லி ஜாக்கெட் இன்னும் தையல்காரன்கிட்ட.

கை டாக்டர் பொண்ணு வந்தா. பிசியோன்னு சொல்லணுமாம். எனக்கு கை டாக்டர்தான். சேகர் வலது கையில ரப்பர் பந்து குடுத்து அமுக்கச் சொன்னா. அவன் சுவர் பக்கம் திரும்பிக்கிட்டான். பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில. போன ஐப்பசியில வாதம் அடிச்சதுலேர்ந்து இதே கதை. காலு வந்துடுச்சு, சுவத்தைப் புடிச்சி நடக்கறான். வாயும் ஒண்ணு ரெண்டு சொல்லு வருது. கைதான் வரல. கையை விட, அவன் மனசுதான் வரல.

போகும்போது வாசல்ல நின்னு அந்தப் பொண்ணு மெதுவா சொன்னது: "பாட்டி, நாம அசைச்சு விடறது பத்தாது. எனக்கு இந்தக் கை வேணும்னு அவரு நினைக்கணும். இப்ப விட்டுட்டா அப்புறம் அப்படியே நின்னுடும்."

மல்லி அடுப்பாண்ட இருந்தா. என் மருமவ காது நல்ல காது. பால் பொங்கி வழிஞ்சிடுச்சு, அவ பாக்கவே இல்ல.

மத்தியானம் சேகர்கிட்ட கேட்டேன். உனக்கு என்னாதாண்டா வேணும்? இடது கையால போர்வை நுனியைத் திருகினான். அப்புறம் ஒரே சொல்லு. "கோட்டை."

என்னா கோட்டை. நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். காய்ச்சல் இல்ல.

சாயங்காலம் மாமூல் கேள்வி. "சங்கு ஊதிடுச்சா?" முன்ன இருந்த ஊரு குடிகாடு; அந்த வீட்டுல கம்பெனி சங்கு ஊதினாதான் இவன் டியூட்டிக்கு செருப்பு மாட்டுவான். மார்கழிப் புயல்ல அந்த வீட்டுக் கூரை போச்சு, சிதம்பரம் வந்துட்டோம். இவன் புத்திக்கு அது ஏறல. இன்னும் குடிகாட்டுலியே இருக்கறதா நினைப்பு. "ஊதிடுச்சுப்பா"ன்னா அமைதி ஆயிடறான். தினம் சொல்றேன். இங்க கேக்கறது கோயில் மணி.

8.2.12 புதன்

வெயில். கத்திரிக்கா சொத்தை. புளி நல்லா இருந்தது.

பேத்தி காலேஜ் விட்டு வந்ததும் கோட்டையைப் பத்திக் கேட்டேன். சுதாவுக்கு உடனே தெரிஞ்சிடுச்சு. "ஆயா, அது அப்பா விளையாடற கேமு!" இப்பதான் எனக்கும் நெனப்பு வந்தது. ரெண்டாயிரத்து அஞ்சுல மல்லி தம்பி கொண்டாந்து குடுத்தான், "மச்சான், இதை ஆரம்பிச்சா சோறு தண்ணி மறந்துடும்"னு. அப்படியே ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா நாலு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு பாழுங்கோட்டைக்கு அடியில இறங்கிடுவான். கறி ஆறிப் போவும்.

அந்தக் கம்ப்யூட்டர் புயல் தண்ணியில ஊறிப் போச்சு. அவன் சேத்து வச்ச விளையாட்டு எல்லாம் அதோட. இப்ப சுதா வச்சிருக்கறது வேற. பழசு, காலேஜ் சீனியர் குடுத்தது. அதுல விண்டோஸ் இல்ல, லினக்ஸ். ஒரு குண்டுப் பறவை படம் வருது, வயிறு வெள்ளை. பென்குயினாம்.

"அந்த கேமு விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும் ஆயா. பாக்கறேன்."

விண்டோஸ்னா ஜன்னல்தானே. அஞ்சாங்கிளாஸ்ல அது வரைக்கும் வந்தேன்.

முதல்ல சிடி வேணும். பெட்டி, பீரோ, அரிசி டின் பின்னாடி, எல்லாம் தேடியாச்சு. மல்லி கரண்டியோட வந்து நின்னா. அப்புறம்: "நடுவுல ஓட்டை, மேல பச்சைப் பேனாவுல எழுதியிருக்குமே, அதா அத்தை?" ஆமான்னோம். "அது மாடியில இருக்குது."

ஏறிப் போயி பாத்தா வத்தல் காயப்போட்ட இடத்துக்கு மேல, துணிக்கொடியில நூல் கட்டித் தொங்குது! காக்கா ஓட்ட. வெயில்ல பளபளன்னு சுத்திக்கிட்டு. போன வருஷம் குடிகாட்டுல கட்டினாளாம், வீடு மாறும்போது மறக்காம அவுத்து எடுத்தாந்து இங்கயும் கட்டியிருக்கா. "ஒரு காக்கா வரலியே அத்தை"ன்னு பெருமை வேற.

சுதா தலையில கையை வச்சிக்கிட்டா. நான் சிரிச்சிட்டேன். பின்ன? புயல்ல எல்லாம் போச்சு, காக்கா ஓட்டினது மட்டும் தப்பிச்சிருக்கு.

11.2.12 சனி

கரண்டு காலையில இல்ல, மத்தியானம் கொஞ்சம் வந்தது, திரும்பப் போச்சு. மாவாட்டறது நாளைக்கு.

சிடியில வத்தல் மாவு ஒட்டி, கீறல். சுதா பேஸ்ட் தடவித் துணியால துடைச்சா. பல்லு தேய்க்கற பேஸ்ட்தான். கம்ப்யூட்டருக்குள்ள போட்டா கர்ருனு கத்துச்சு, ஒரு இடத்துல நின்னு நின்னு போச்சு, கடைசியில எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கிச்சு. காப்பி ஆயிடுச்சாம்.

இன்னைக்கு நடந்த இன்னொண்ணு. எழுதவே கை கூசுது.

சுதா போன்ல பேசிக்கிட்டு இருந்தா. கூடப் படிக்கற பர்வீன், கிள்ளை ஊருப் பொண்ணு. நான் பாத்திரம் கழுவறேன். காதுல விழுந்தது:

"ஒயின் போட்டாதாண்டி ஓடும்... இல்ல, பழைய ஒயின் சரிப்படல, புதுசு போடணும்... ஆமா, எங்கப்பாவுக்குத்தான்... நாளைக்கு கொண்டாறியா?"

கையில இருந்த டம்ளர் விழுந்துடுச்சு.

ஒயின்! இவ தாத்தா ஒயின் ஷாப்புக்குப் போய்ப் போய்தான் போய்ச் சேந்தாரு. அந்தக் கண்றாவி வாசனை இந்தக் குடும்பத்துல வரக்கூடாதுன்னு நான் சேகரை எப்படி வளத்தேன். வாதம் வந்த ஆளுக்கு ஒயினா? எவன் சொன்னான்? அதுலயும் பர்வீன் கொண்டார்றாளாமே! அவுங்க வீட்டுல தொடக்கூட மாட்டாங்களே, அந்தப் பொண்ணு எங்க போயி வாங்கும்?

மல்லிகிட்ட சொன்னேன். அவ அப்படியே உக்காந்துட்டா. "கைக்கு நல்லதுன்னு யாராவது சொல்லியிருப்பாங்களா அத்தை?" கேக்கறா பாரு கேள்வி! நீயும் கூட்டான்னேன். அழுதா. சத்தம் கேட்டு கீழ் வீட்டம்மா படியில ஏறி நின்னுச்சு, காப்பிப்பொடி கேக்கற சாக்குல.

12.2.12 ஞாயிறு

பர்வீன் வந்தா. நல்ல பொண்ணு, கருவாடு கொண்டாந்தா. பையை வாங்கி வைக்கறாப்புல வாங்கி உள்ள கையை விட்டுப் பாத்துட்டேன். நோட்டு, சீப்பு, ஒரு பென் டிரைவ். பாட்டில் இல்ல.

நேராவே கேட்டுட்டேன். "எங்கடி ஒயினு?"

பர்வீன் பென் டிரைவைக் காட்டினா. "இதுல இருக்கு ஆயா."

இந்த விரல் நீளத்துலியா?

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல சேகர் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தான். சுவரை விட்டு அவனாத் திரும்பினது இன்னைக்குத்தான். கோவம் எங்க போச்சோ.

ஒயின்றது ஒரு சாப்ட்வேர். குடிக்கறது இல்ல. சுதா உக்காத்தி வச்சி சொன்னா. மறக்கறதுக்குள்ள எழுதிடறேன்.

"அந்த கேமு பழைய வீட்டுல பொறந்தது ஆயா. அதுக்கு விண்டோஸ் வீடு மட்டும்தான் தெரியும். கதவு எங்க, விளக்கு எங்க, பொட்டி எங்கன்னு பழைய வீட்டுப் பேரைச் சொல்லியே கேக்கும். லினக்ஸ் வேற வீடு. அதுக்கு அந்தப் பேரெல்லாம் புரியாது. ஒயின் நடுவுல நின்னுக்கும். அது கேக்கக் கேக்க, இந்தா கதவு, இந்தா விளக்குன்னு இங்க இருக்கறதை எடுத்து எடுத்துக் குடுக்கும்."

"அதுக்கு சந்தேகமே வராதா?"

"வராது ஆயா. வீடு மாறினதே தெரியாம ஓடும்."

எந்த ஊர்க்காரன் யோசிச்சானோ. காசு வாங்காம வேற குடுக்கறாங்களாம், யாரு வேணா எடுத்துக்கலாமாம். கண்ணு தெரியாத இடத்துல உக்காந்துக்கிட்டு, யாரோ எப்பவோ பண்ணின விளையாட்டு வீடில்லாம நிக்குதேன்னு, அதுக்கு ஒரு வீடு மாதிரி கட்டிக் குடுத்திருக்கான். மலைச்சுப் போயிட்டேன்.

சாயங்காலம் கோயில் மணி. சேகர்: "சங்கு ஊதிடுச்சா?"

"ஊதிடுச்சுப்பா."

சுதா என்னைப் பாத்தா. நான் அவளைப் பாத்தேன். காதுகிட்ட வந்து சொல்றா, "ஆயா, நீதான் ஒயினு."

நல்ல பேரு வச்சா எனக்கு.

15.2.12 புதன்

முழங்கால் வலி. தைலம் தீந்துடுச்சு.

கேமு ஓடிடுச்சு! ஓடிடுச்சுன்னா - ஒரு மூலையில ஸ்டாம்பு அளவுக்குப் படம். சத்தம் இல்ல. மனுஷங்க முகமெல்லாம் நீலம். மல்லி, "சாமி படமா இது"ன்னு கேட்டா.

பக்கத்துல இன்னொரு கறுப்புக் கட்டம். அதுல வெள்ளை எழுத்து கடகடன்னு மேல ஏறுது, மழைத்தண்ணி மாதிரி நிக்காம. ஒவ்வொரு வரிக்கும் முன்னால ஒரே சொல்லு. கண்ணாடி போட்டுக்கிட்டு எழுத்துக் கூட்டினேன். எஃப், ஐ, எக்ஸ், எம், இ. என்னாடி இது?

"பிக்ஸ்மி. 'என்னைச் சரி பண்ணு'ன்னு அர்த்தம். இன்னும் செஞ்சு முடிக்காத இடத்துல ஒயின் எழுதறவங்க அப்படிப் போட்டு வச்சிருக்காங்க."

"இத்தனை இடத்துலயா? அப்ப எப்படி ஓடுது?"

"ஓடும் ஆயா. அது சொல்லிக்கிட்டே ஓடும்."

என்னைச் சரி பண்ணு, என்னைச் சரி பண்ணு, வரி வரியா. அந்தாண்டை மூலையில நீல மூஞ்சிக்காரன் ஒருத்தன் கையை வீசிக்கிட்டு ஜோரா நடந்து போறான்.

ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அடுப்புல பருப்பு அடி புடிச்சிடுச்சு.

கீழ் வீட்டம்மா: "கை வராத மனுஷனுக்கு கம்ப்யூட்டர் விளையாட்டா? நல்லா இருக்குதும்மா." நான் விடல. "எங்க சுதா என்னா பண்றான்னு உன் ஊட்டுக்காரரு சட்டையை மாட்டிக்கிட்டு வந்து பாக்கட்டும். புரிஞ்சா சொல்லட்டும்." காப்பிப்பொடி இன்னும் திரும்பி வரல.

18.2.12 சனி

படம் பெருசாச்சு. முகத்துக்கு முகக் கலர் வந்துடுச்சு. சத்தமும் வருது - கிணத்துக்குள்ள யாரோ நடக்கற மாதிரி. சுதாதான் என்னென்னவோ தட்டினா, பர்வீன் போன்ல சொல்லச் சொல்ல.

பாத்தா கேமு திரும்ப முரண்டு. சிடியைப் போடுன்னு கேக்குது. போட்டா கீறல், படிக்க மாட்டேன்னுது. சுதா நகத்தைக் கடிச்சா. அப்புறம் காப்பி பண்ணி வச்ச பொட்டியைக் காட்டி, இதுதான் சிடின்னு சொல்லுன்னு ஒயின்கிட்ட சொல்லிட்டா. ஒயினும் அப்படியே சொல்லுச்சு. கேமும் நம்பிடுச்சு! கோட்டை வாசல் திறந்தது. கல்லுக் கதவு, ரெண்டு பக்கம் தீப்பந்தம். மயிர் சிலுத்துப் போச்சு எனக்கு.

சேகரை நாற்காலியில உக்காத்தினோம். பாத்தான். பாத்துக்கிட்டே இருந்தான். வாய் ஒரு பக்கமா இழுத்தது. அழுகையா சிரிப்பான்னு தெரியல.

முதல்ல நாலு ஆளுக்கும் பேரு வைக்கணும். பழைய ஆளுங்கதான் தண்ணியில போயிட்டாங்களே. இடது கையால தட்டினான். தமிழ் தெரியாதாம் கேமுக்கு, இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொண்ணாத் தேடித் தேடி. நான் கூடவே படிச்சேன்.

கத்தி புடிச்ச ஆளு - மல்லி. (மல்லிக்கு ஒரே வெக்கம். "நானா அடிக்கறது?" சுதா: "பின்ன இந்த வீட்டுல யாரு?") மந்திரம் போடறது - சுதா. மருந்து போடறது - அவனே. கடைசியா ஒரு திருடன். அதுக்கு, ஏ, எம், எம், ஏ.

"என்னாடா! பெத்தவ திருடியா?"

சுதா சமாதானம் சொல்றா: "ஆயா, திருடன்தான் ரொம்ப முக்கியம். பூட்டு தொறக்கறது, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைக் கண்டுபுடிக்கறது எல்லாம் அவன்தான். திருடன் இல்லாம கோட்டையில ஒரு அடி வைக்க முடியாது."

என்னா இருந்தாலும் திருடிதானே. சரி இருக்கட்டும்.

கதவுக்குள்ள கால் வைக்கறதுக்குள்ள கரண்டு போச்சு. யு.பி.எஸ். கீ கீன்னு கத்தி அடங்கிடுச்சு. பேரெல்லாம் போச்சு. சேகர் கட்டிலுக்குப் போயி சுவர் பக்கம் திரும்பிட்டான். அவ்வளவுதானா.

சங்கு கேட்டான். சொன்னேன்.

19.2.12 ஞாயிறு

கரண்டு இருக்குது. இட்லி. கருவாட்டுக் குழம்பு மத்தியானத்துக்கு.

யாரும் கூப்பிடல. சேகர் அவனே எழுந்து, சுவத்தைப் புடிச்சிக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்தான். சுதா கேமைப் போட்டா. நேத்து வச்ச அதே பேருங்க, அதே வரிசை. (நான் இன்னைக்கும் திருடிதான்.)

எலியை - மவுஸை - சுதா இடது பக்கம் வச்சிருந்தா, அவன் வசதிக்குன்னு. சேகர் அதைக் கொஞ்ச நேரம் பாத்தான். இடது கையால இழுத்து வலது பக்கம் வச்சான். அப்புறம் இடது கையாலயே வலது கையைத் தூக்கி, தூங்கற புள்ளையைத் தொட்டில்ல போடற மாதிரி, அது மேல வச்சான்.

மல்லி என் முந்தானையைப் புடிச்சிருந்தா.

உள்ள போனாங்க. இருட்டு. ஒரு திருப்பத்துல எலும்புக்கூடு ஒண்ணு, கையில வாளு. மல்லி கத்திட்டா: "அடிங்க, அடிங்க, வருது!"

வரல. நின்னுது.

சேகர் விரலைப் பாக்கறான். விரல் அசையல. எலும்புக்கூடு வாளைத் தூக்கினது தூக்கினபடி, லேசா ஆடிக்கிட்டு நிக்குது.

"ஏன் சுதா அது அடிக்க மாட்டேங்குது?"

"நம்ம முறை ஆயா. நாம அடிச்சப்புறம்தான் அது அடிக்கும்."

"நாம அடிக்க நேரமானா?"

"நிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"எவ்வளவு நேரம்னாலும்."

எத்தனை வயசு எனக்கு. எத்தனை சண்டை பாத்திருக்கேன். தெருச்சண்டை, குழாயடிச் சண்டை, பங்காளிச் சண்டை. எதிராளி தயாராவட்டும்னு காத்திருந்த ஒருத்தனை நான் பாத்ததில்ல. வாதம் காத்திருந்துச்சா? புயல் காத்திருந்துச்சா? இந்த எலும்புக்கூடு காத்திருக்குது. என் புள்ளை விரலுக்காக.

குழம்பு கொதிக்கற வாசனை வந்தது. யாரும் நகரல. ஆள்காட்டி விரல் நடுங்குச்சு. நின்னுச்சு. திரும்ப நடுங்குச்சு. வேர்வை அவனுக்குக் காது வழியா.

டிக்.

கத்தி புடிச்ச மல்லி ஓங்கி அடிச்சா. எலும்பு எல்லாம் பொலபொலன்னு.

மல்லி - நிஜ மல்லி - சமையக்கட்டுக்கு ஓடிட்டா. குழம்பைக் கிண்டற சத்தமே வரல.

20.2.12 திங்கள்

சிவராத்திரி. வீதியில நடக்க எடமில்ல. பூ விலை ஜாஸ்தி. கீழ் வீட்டம்மா கோயிலுக்குக் கூப்பிட்டது. வரலன்னேன், எங்க வீட்டுல இன்னைக்கு கோட்டையில ரெண்டாவது அடுக்கு இறங்கறாங்கன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டுப் போச்சு.

கை டாக்டர் பொண்ணு வந்தா. பையைக்கூட இறக்கல. சேகர் பின்னாடி நின்னு பாத்தா. விரல் போவுது, வருது, டிக். நிக்குது. டிக்.

"மவுஸை இந்தக் கையில யாரு வச்சது?"

"அவருதான்"னா மல்லி.

அந்தப் பொண்ணு ரப்பர் பந்தை எடுத்துப் பையில போட்டுக்கிட்டா. "இது என்னா கேமு பாட்டி?"

பழைய விண்டோஸ் கேமும்மா, லினக்ஸ்ல ஒயின் போட்டு ஓட்டறோம்னேன். கணீர்னு. நடுவுல தடங்கல் இல்லாம. அந்தப் பொண்ணு வாயைப் பொளந்துட்டா. சுதா கதவுக்குப் பின்னாடி சிரிக்கறா.

23.2.12 வியாழன்

வெயில் ஏறிடுச்சு. மாடியில வத்தல் போட்டாச்சு. காக்கா தொல்லை. மல்லி சிடி கேக்கறா, சுதா தர மாட்டேன்னுட்டா.

சாயங்காலம் சுதா இன்னும் வரல. மல்லி மாடியில. சேகர் கேமுல, நான் பக்கத்துல முருங்கைக்கீரை ஆஞ்சிக்கிட்டு. மூணாவது அடுக்கு. பூட்டின கதவு ஒண்ணு வந்தது. அவன் திருடியைக் கூப்பிட்டான். தொறந்துட்டா. எனக்குள்ள ஒரு பெருமை, யார்கிட்ட சொல்றது. உள்ள பழைய கூட்டாளி - எலும்புக்கூடு, இந்தத் தடவை கேடயத்தோட.

கோயில் மணி அடிச்சது.

பதில் நாக்கு நுனியில ரெடி. அவன் கேக்கல. மணி அடிச்சு ஓஞ்சிடுச்சு. கேக்கல. எனக்கு இருப்பு கொள்ளல. தினம் கேக்கற கேள்வி நின்னா அதுவும் ஒரு பயமாத்தான் இருக்குது. நானே சொல்லிட்டேன்.

"சேகரு, சங்கு ஊதிடுச்சுப்பா."

விரல் மவுஸ் மேல நின்னுச்சு. மெதுவாத் திரும்பினான். நல்ல பக்கத்து வாயில ஒரு சிரிப்பு, சின்னப் பையனா இருக்கும்போது இருந்த அதே சிரிப்பு.

"இங்க... எப்படிம்மா கேக்கும்? இது சிதம்பரம்."

கீரை மடியிலேர்ந்து கொட்டிடுச்சு.

என்னையே பாத்தான். அப்புறம் வலது கையைத் தூக்கி - அதுவாத் தூக்கி - என்னைக் காட்டினான்.

"திருடி."

திரையில அந்த எலும்புக்கூடு வாளைத் தூக்கினபடி நிக்குது, எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு.